கால் ஊன்றாமல் நூறு அடி

கோமதிநாயகம் தன் மனைவி ஆவுடையம்மாளை உயிரோடு கடைசியாகப் பார்த்தது ஒரு லிஃப்டுக்கு முன்னால். மதுரையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் கீழ்த்தளம். நாலாம் மாடியில் ஆப்பரேஷன் தியேட்டர் தயாராக இருந்தது. அவளைச் சக்கரக் கட்டிலில் படுக்கவைத்து ஓர் ஊழியர் தள்ளிக்கொண்டு வர, கோமதிநாயகம் பக்கத்துக் கம்பியைப் பிடித்தபடி கூடவே நடந்தார். அதே நேரத்தில் எதிர்ப்பக்கத்து வழியிலிருந்து இன்னொரு கட்டில் வந்தது. தலையில் பெரிய கட்டோடு ஓர் ஆள், கட்டிலோடு ஓடிவந்த ஒரு பெண். லிஃப்டில் ஒரு கட்டிலுக்குத்தான் இடம். இரண்டு ஊழியர்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பார்த்த மாத்திரத்தில் இரண்டு பேர் கால்களிலும் வேகம் கூடிவிட்டது. ஆவுடையின் கட்டில்தான் ஒரு முழம் முந்திப் போய் லிஃப்ட் வாசலில் முட்டியது. அப்போது அவள் தலையைத் திருப்பி, "அவங்களை முன்னால விடச் சொல்லுங்க, அந்தப் பொண்ணு காலுல செருப்புகூட இல்ல" என்றாள். அவர் ஊழியரிடம் சொன்னார். கட்டில் பின்வாங்கியது. லிஃப்ட் மேலே போய்த் திரும்பி வர நாலு நிமிடம் ஆயிற்று. அதன்பிறகு அவள் உள்ளே போனாள், கதவு மூடிக்கொண்டது. கூட வருகிறவர்கள் படியேறித்தான் வர வேண்டும் என்றார்கள். மூச்சு இரைக்க நாலு மாடி ஏறிப் போனபோது தியேட்டர் கதவும் சாத்தியிருந்தது. நாலு நிமிடம். இந்த இரண்டு வருடத்தில் அந்த நாலு நிமிடத்தை அவர் எத்தனை தடவை எடுத்துப் பார்த்திருப்பார் என்று அவருக்கே தெரியாது. இப்போதும் பார்த்துக்கொண்டிருந்தார், பார்க்கக்கூடாத சமயத்தில், ஏனென்றால் விசில் ஊதியாகிவிட்டது. வலது கால் சைக்கிள் மிதியில் இருந்தது. இடது காலைத் தரையிலிருந்து எடுக்க வேண்டும்.

எடுத்தார். சைக்கிள் ஒரு கணம் எந்தப் பக்கம் சாயலாம் என்று யோசித்தது. ஹேண்டில்பாரை இடப்பக்கம் ஒரு விரற்கடை திருப்பி, உடம்பை வலப்பக்கம் ஒரு விரற்கடை கொடுத்து, பிரேக்கை முக்கால் பிடியில் வைத்தார். நின்றது. நின்றது என்று சொல்லக்கூடாது, விதிப்படி நிற்கக் கூடாது, நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும், எறும்பு நகர்கிற அளவுக்காவது. ராஜபாளையம் மில் காலனி மைதானத்தில் சுண்ணாம்புத் தூளால் ஆறு பாதைகள் போட்டிருந்தார்கள். ஒவ்வொன்றும் மூன்றடி அகலம், நூறு அடி நீளம். கால் தரையில் பட்டால் ஆட்டம் முடிந்தது. பக்கத்துக் கோட்டைத் தொட்டாலும் முடிந்தது. முடிவுக் கோட்டைக் கடைசியாகத் தாண்டுகிறவர் ஜெயித்தவர். காணும் பொங்கலுக்குக் காலனியில் வருஷா வருஷம் நடக்கிற ஸ்லோ சைக்கிள் போட்டி, ஐம்பது வயதுக்கு மேற்பட்டோர் பிரிவு. அவருக்கு அறுபத்தெட்டு. காலையில் இட்லி தின்றுகொண்டிருக்கும்போது, ஓசூரில் வேலை பார்க்கிற மகள் சங்கரி சொன்னாள், "அறுபத்தெட்டு வயசுல சைக்கிள் பந்தயமாப்பா? விழுந்து இடுப்பு ஒடிஞ்சா இங்க யாரு பார்க்கிறது?" "விழ மாட்டேன்." "விழுந்தா?" "விழுந்தா உன்கூட ஓசூர் வந்துடுறேன், போதுமா." அவள் விடவில்லை. "விழுறதெல்லாம் வேண்டாம். கால் தரையில பட்டாலே வரணும். பேச்சு மாறக்கூடாது." "படாம கோட்டைத் தாண்டிட்டா, அதுக்கப்புறம் ஓசூர்ங்கிற வார்த்தையே இந்த வீட்டுல கேட்கக்கூடாது." சரி என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் பொங்கல் லீவுக்கு வந்தவள் இந்தத் தடவை இரண்டு சூட்கேஸ் கொண்டுவந்திருந்தாள், ஒன்று காலி. முந்தாநாள் அதைத் தூக்கி உள்ளே வைத்தவர் அவர்தான். தூக்கின கைக்குத் தெரியாதா, அது யார் துணிமணிக்காகக் காலியாக வந்திருக்கிறது என்று. கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. இப்போது அவள் முடிவுக் கோட்டுக்குப் பக்கத்தில் வேப்ப மரத்தடியில் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறாள், அவருடைய கால்களைப் பார்த்துக்கொண்டு. அவளைப் பார்க்கக் கூடாது. சக்கரத்தையும் பார்க்கக் கூடாது. மேற்கே மலையைப் பார்க்க வேண்டும், மலைதான் ஆடாது. இடது மிதி லேசாகக் கிரீச்சிட்டது, எண்ணெய் போட்டிருக்கலாம், நேற்றே நினைத்தது, மறந்துவிட்டது. சத்தம் வரட்டும், சத்தத்துக்கு யாரும் ஆட்டத்தை விட்டு வெளியேற்ற மாட்டார்கள்.

"தபால்காரர் ஐயா தந்தி மாதிரி போயிட்டிருக்காங்க" என்று மைக்கில் சத்தம் வந்தது. சங்கத்துச் செயலாளர் செல்வக்கனி. ஒலிபெருக்கியைப் பார்த்துவிட்டால் அவருக்கு வாய் நிற்காது. "மெதுவா, ஐயா மெதுவா. ஆகா, முதல்ல வந்துட்டாங்க. முதல்ல வந்த தபால்காரர் ஐயாவுக்கு எல்லாரும் பலமா ஒரு கைதட்டுக் குடுங்க. அவங்க தோத்துட்டாங்க." கூட்டம் சிரித்தது. முதலில் வந்தவன் தோற்றான் என்றால் சிரிப்பு வருகிறது ஜனங்களுக்கு. வாழ்நாள் முழுக்க முந்து முந்து என்று சொல்லிக் கேட்டுவிட்டு, வருஷத்தில் ஒரு நாள் பத்து நிமிடம் அதைத் தலைகீழாகப் பார்ப்பதில் ஒரு சந்தோஷம். பக்கத்துப் பாதையில் தவசிலிங்கம் தொண்டையைச் செருமினார். ஆரம்பிக்கப் போகிறார். தவசி சைக்கிளில் பாதி, வாயில் பாதி ஓட்டுகிறவர். "நாயகம், பின் டயர்ல காத்து இருக்கா? தரையோட ஒட்டுதே." திரும்பிப் பார்க்கவில்லை கோமதிநாயகம். போன வருஷம் இந்தக் கேள்விக்குத்தான் குனிந்து பார்த்து இன்சூரன்ஸ் ஏஜெண்ட் விழுந்தார். "உம்ம டயரைப் பாரும்வே" என்றார் மலையைப் பார்த்துக்கொண்டே. தவசியோடு இது இன்றைக்கு வந்த போட்டி இல்லை. மில்லில் இருபத்தாறு வருடம் இவர் ஒரு ஷிப்டுக்கு மேஸ்திரி, அவர் இன்னொரு ஷிப்டுக்கு மேஸ்திரி. ஏ ஷிப்ட், பி ஷிப்ட். புதிதாக வந்த மேனேஜர் ஒருவர் கேட் பக்கத்தில் ஒரு கரும்பலகை மாட்டினார். எந்த ஷிப்டில் நூல் அதிகம் ஓடியது என்று தினமும் சாக்பீஸில் எழுதுவார்கள். மாதக் கடைசியில் ஜெயித்த ஷிப்டுக்கு ஒரு மஞ்சள் கொடி, மிஷின் வரிசையின் தலைப்பில் கட்டிக்கொள்ளலாம். ஒரு முழம் துணி. அந்தத் துணிக்காக என்னவெல்லாம் செய்தோம். மிஷினில் நூல் சுற்றுகிற கட்டைகள் நிறைந்துவிட்டால் ஓட்டத்தை நிறுத்தி, நிறைந்ததை எடுத்துவிட்டு வெறுங்கட்டை போட வேண்டும். அதற்கு எட்டு நிமிடம் பிடிக்கும். அந்த எட்டு நிமிடம் எந்த ஷிப்டின் தலையில் விழுகிறது என்பதில்தான் எல்லாம் இருந்தது. கடைசி அரைமணியில் வேகத்தை ஒரு பொட்டுக் குறைத்தால், சங்கு ஊதுவதற்கும் கட்டைகள் நிறைவதற்கும் சரியாக இருக்கும். நிறுத்துகிற வேலை உள்ளே வருகிறவனுக்கு. இதை முதலில் கண்டுபிடித்தவர் கோமதிநாயகம். மூன்றாம் நாளே தவசிக்குப் புரிந்துவிட்டது. அவரும் அதையே செய்தார். பிறகு இவர் நிறைந்த பின்னும் நிறுத்தாமல் ஓட்டிவிட்டுப் போனார். அவரும் ஓட்டினார். கட்டைகள் பிதுங்கின, நூல் அறுந்தது, கழிவுப் பஞ்சு குடோனில் கூரை வரை ஏறியது. கரும்பலகையில் இரண்டு ஷிப்டும் ஏறிக்கொண்டே போயின. மில் இறங்கிக்கொண்டே போயிற்று. பூட்டுப் போட்ட அன்றைக்குக் கொடி ஏ ஷிப்டிடம் இருந்தது. அதை அவிழ்த்துக் கொடுக்கச் சொல்லக்கூட யாரும் வரவில்லை. அவரும் தவசியும் ஒரே கேட் வழியாக ஒன்றாக வெளியே வந்தார்கள், முன்னால் யார் பின்னால் யார் என்று யாரும் குறித்துக்கொள்ளவில்லை.

நாற்பது அடி வந்திருக்கும். முன்சக்கரம் ஒரு சிறிய கல்லில் முட்டியது. ஏறி இறங்கினால் தள்ளிக்கொண்டு போய்விடும், ஓரடி வீணாகும். ஏறாமல் திரும்பினால் கோட்டைத் தொட்டுவிடும். பிரேக்கை விட்டுப் பிடித்தார், விட்டுப் பிடித்தார், கல் சக்கரத்துக்கடியில் அழுந்தி நழுவியது. விழுந்திருப்போம். விழுந்திருந்தால் சாயங்காலம் அந்தக் காலி சூட்கேஸ் திறக்கும். வெள்ளை வேட்டி நாலு, சட்டை ஆறு, கண்ணாடிக் கூடு, நூலகச் சீட்டு. நூலகச் சீட்டை அங்கே என்ன செய்வது. எட்டாம் வகுப்போடு நின்ற அவருக்கு மில் பூட்டிய பிறகு கிளை நூலகம்தான் ஷிப்ட். காலை ஒன்பதுக்குப் போய் ஒன்றுக்கு வருவார். கையில் கிடைத்தது எல்லாம் படித்தார், தாவரங்களைப் பற்றி ஒரு தடித்த புத்தகம் இருந்தது, அதை மட்டும் மூன்று தடவை. அதில் காட்டு மரங்களுக்குள் நடக்கிற போட்டி என்று ஒரு பகுதி. எல்லா மரமும் வெளிச்சத்துக்காக உயரத்தில் ஒன்றையொன்று முந்துகின்றன என்று ஆரம்பித்து, கொஞ்சம் தள்ளி, சில கன்றுகள் முந்துவதே இல்லை என்று எழுதியிருந்தது. பெரிய மரத்தின் நிழலில் முழங்கால் உயரத்திலேயே இருபது வருடம், முப்பது வருடம் இருக்குமாம். சாகாது, வளராது. மேலே ஒரு பெரிய மரம் சாய்ந்து வானம் திறக்கும்போது, அந்தக் கன்றுதான் முதலில் எழுந்து நிற்குமாம். அதைப் படித்த அன்றைக்குப் புத்தகத்தை மூடிவிட்டு யோசித்துக்கொண்டே வீட்டுக்கு நடந்தார். முப்பது வருடம் முழங்கால் உயரத்தில் இருப்பதற்குப் பெயரும் போட்டியா. அந்தக் கன்றுக்கு யாரோடு போட்டி. சங்கரியிடம் போனில் சொன்னபோது அவள் சிரித்தாள். "எங்க ஆபீஸ்ல அப்படி முழங்கால் உயரத்துல இருந்தா ரெண்டே வருஷத்துல அனுப்பிருவாங்கப்பா." அவள் வேலை பார்க்கிற கம்பெனியில் வருஷக் கடைசியில் எல்லாரையும் வரிசைப்படுத்துவார்களாம். பத்துப் பேர் இருந்தால் பத்துப் பேரும் நன்றாகவே செய்திருந்தாலும் ஒருத்தர் கடைசியில் இருந்தே ஆக வேண்டுமாம், விதி அப்படி. "யாரு அந்தக் கடைசி?" என்று கேட்டார். "நான் இல்லாம இருந்தாச் சரி" என்றாள். அந்தக் குரல் அவருக்குத் தெரியும். ஐந்தாம் வகுப்பில் இரண்டாவது ரேங்க் வாங்கிவிட்டுச் சாப்பிடாமல் படுத்த பிள்ளையின் குரல். அன்றைக்கு ஆவுடை ரேங்க் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுல உனக்குப் பிடிச்ச பாடம் எதுன்னு எழுதவே இல்லையே" என்றாள். பிள்ளைக்கு அது இன்னும் அழுகையைத்தான் கொண்டுவந்தது.

"தையல்கடை அண்ணன் கோட்டைத் தொட்டுட்டாங்க. இன்சூரன்ஸ் ஐயாவும் காலை ஊனிட்டாங்க. பரவாயில்ல, பாலிசி இருக்கு." மைக்கில் சிரிப்பு. பால் வியாபாரி ஒருவர் முன்பே போய்விட்டார் போலிருக்கிறது, ஓரத்துப் பாதை காலியாகத் தெரிந்தது. இனி இரண்டு பேர். இவரும் தவசியும். வேறு யாராக இருக்கும். வெயில் பிடரியில் ஏறியது. வலது தொடை நடுங்க ஆரம்பித்திருந்தது, நடுக்கம் மிதிக்குப் போய், மிதியிலிருந்து சங்கிலிக்குப் போய், சைக்கிளே ஒரு பயந்த ஆட்டுக்குட்டியைப் போல உதறியது. ஆவுடையைப் பற்றி ஊரில் விட்டுக்கொடுக்கிறவள் என்று ஒரு பேர். குழாயடியில் குடத்தை இழுத்து வைத்து மற்றவளை விடுவாள், பஸ்ஸில் இடம் விடுவாள். செத்த பிறகு அந்தப் பேர் இன்னும் வளர்ந்துவிட்டது. லிஃப்டையே விட்டுக்கொடுத்த புண்ணியவதி என்று பதினாறாம் நாள் ஒருத்தி ஒப்பாரியில் சேர்த்துப் பாடினாள். அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எந்தப் புண்ணியவதி? தாயம் ஆட உட்கார்ந்தால் அவளைப் போல ஒரு ராட்சசியை இந்தக் காலனி கண்டதில்லை. பெற்ற பிள்ளைக்கு ஒரு ஆட்டம் விட்டுக்கொடுத்தது கிடையாது. சங்கரி ஏழு வயதில் அழுதுகொண்டு, "ஒரு தடவை என்னை ஜெயிக்க விடும்மா" என்று கெஞ்சியபோது, "விட்டா அது ஜெயிக்கிறது இல்ல, போ" என்றாள். அவளுக்குத் தெரியும், எதில் முந்த வேண்டும் எதில் முந்தக் கூடாது என்று. குடத்துக்குத் தண்ணீர் எப்படியும் வரும், பஸ் எப்படியும் போகும். தாயத்தில் மட்டும்தான் வேறு காரணம் எதுவும் இல்லை, ஜெயிப்பதற்காகவே ஜெயிப்பது. லிஃப்ட் எதில் சேர்த்தி என்பதுதான் அவருக்குப் பிடிபடாமல் இருந்தது. அதில் ஓர் உயிர் போகிறது. இரண்டு உயிர். அந்தத் தலைக்கட்டுக்காரர் பிழைத்தாரா என்று யாருக்கும் தெரியாது. கேட்டிருக்கலாம். பயமாக இருந்தது. பிழைத்திருந்தால் ஒரு மாதிரி, பிழைக்காவிட்டால் இன்னொரு மாதிரி, இரண்டையும் தாங்குகிற தெம்பு அன்றைக்கு இல்லை. டாக்டர் சொன்னார், "அந்த நாலு நிமிஷத்தால ஒண்ணும் ஆகலை. நாலு மணி நேரம் முன்னாடி வந்திருந்தாலும் இதுதான்." அதை அவர் நம்பினார். சங்கரி நம்பவில்லை. மூன்றாம் நாள், பால் தெளித்துவிட்டு வந்து எல்லாரும் கால் கழுவிக்கொண்டிருக்கும்போது, அவள் செம்பைக் கையில் வைத்துக்கொண்டு, குரலே உயராமல் கேட்டாள். "ஏன்ப்பா விட்டீங்க?" அவ்வளவுதான். திரும்பக் கேட்கவே இல்லை. இரண்டு வருடமாக வாரத்துக்கு மூன்று போன், மருந்து, மாத்திரை, வென்னீர்ப் பை, எல்லாம் செய்கிறாள், அதை மட்டும் கேட்கவில்லை. ஓசூருக்குப் போனால் காலையில் காப்பி டம்ளரை வைக்கும்போது அவள் முகத்தில் அந்தக் கேள்வி இருக்கும். சாயங்காலம் கதவைத் திறக்கும்போது இருக்கும். கேட்காத கேள்வியோடு ஒரே கூரைக்குக் கீழே இருக்க அவரால் முடியாது. இங்கே சுவர்கள் எதுவும் கேட்பதில்லை.

நாலு நிமிடத்தை எல்லாரும் நஷ்டமாகவே எண்ணினார்கள். அவரே அப்படித்தான் எண்ணிவந்தார், இந்த நிமிடம் வரை என்றுகூடச் சொல்லலாம், அறுபதாவது அடியோ அறுபத்தைந்தாவது அடியோ, தொடை உதற, மேற்கு மலையைப் பார்த்துக்கொண்டு, ஒவ்வோர் அங்குலத்தையும் பிடித்துப் பிடித்து விட்டுக்கொண்டிருக்கும்போதுதான் அது வேறு மாதிரி வந்து நின்றது. லிஃப்ட் மேலே போன பிறகு ஊழியர் சுவரில் சாய்ந்து போனைப் பார்க்க ஆரம்பித்தார். வேறு யாரும் இல்லாத ஒரு நடைவழியில் அவளும் அவரும். அவள் முதலில் அவருடைய சட்டைப் பித்தானைப் பார்த்து, மேலே ஒன்று மாற்றிப் போட்டிருக்கிறது என்றாள். கழற்றிச் சரியாகப் போட்டார். பிறகு சிரித்தாள். "ஒண்ணு சொல்லணும், கோவிக்கக்கூடாது" என்றாள். "மில் மூடின வருஷம், கோயம்புத்தூருக்குப் போறதா இங்கேயே இருக்கிறதான்னு தாயம் போட்டமே." போட்டார்கள். அவருடைய தம்பி கோயம்புத்தூரில் வேலை பார்த்து வைத்திருந்தான். அவருக்குப் போக ஆசை, அவளுக்கு இந்த வீட்டை விட மனதில்லை, பேசிப் பேசி அலுத்துப்போய்த் தாயக்கட்டையை எடுத்தார்கள். யார் ஜெயிக்கிறாரோ அவர் சொன்னபடி. கடைசியில் அவளுக்குப் பன்னிரண்டு விழுந்தது. "அன்னிக்குப் பன்னிரண்டு விழலை. முந்தானை பட்ட மாதிரி கட்டையைத் திருப்பி வச்சேன்" என்றாள். இருபது வருடம். "அடிப்பாவி" என்றார். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், ஊசி குத்தின கையால் பொத்திக்கொண்டு. ஊழியர்கூட நிமிர்ந்து பார்த்தார். லிஃப்ட் வந்துவிட்டது. முந்திப் போயிருந்தால் அது இல்லை. அந்தச் சிரிப்பு இல்லை, பித்தான் இல்லை, கூட்டிக் கழித்துப் பார்த்தால் கல்யாணமாகி முப்பத்தொன்பது வருடத்துக்குப் பிறகு கிடைத்த நாலு நிமிடம், யாரிடமிருந்தும் பிடுங்காதது. இதை எந்தக் கரும்பலகையில் எழுதுவது. எந்த ஷிப்டில் சேர்ப்பது. ஏமாற்றி ஜெயித்த வீட்டில் இத்தனை காலம் இருந்தோமா, இருந்தோம், நல்லபடியாகத்தான் இருந்தோம். அவள் திருட்டுத்தனமாக ஜெயித்ததை நான் நேர்மையாகத் தோற்றுவிட்டுப் போக வேண்டுமா? மாட்டேன். கால் இற்றுப்போனாலும் ஊன்ற மாட்டேன்.

எண்பது அடி. தவசி ஓரடி முன்னால் இருந்தார், அதாவது தோற்றுக்கொண்டிருந்தார். அவருக்கும் அது தெரிந்தது. மூச்சு உஸ் உஸ்ஸென்று கேட்டது. வாயைத் தவிர வேறு ஆயுதம் அவரிடம் மிச்சமில்லை. "காலை ஊனிரும் நாயகம். மக ஆசையாக் கூப்பிடுது, போயிரும். விட்டுக்கொடுக்கிறது உமக்குப் புதுசா? ஆஸ்பத்திரியில லிஃப்டையே விட்டவராச்சே." சொன்ன பிறகு தவசியின் மூச்சு ஒரு கணம் நின்றது. வாய் தவறியது என்று அவருக்கே புரிந்துவிட்டது. கோமதிநாயகத்தின் ஹேண்டில்பார் திரும்பியது. முன்சக்கரம் வெள்ளைக் கோட்டுக்கு இரண்டு விரல் தூரத்தில் போய் நின்றது, உடம்பு முழுதும் இடப்பக்கம் சரிந்தது, இடது கால் மிதியை விட்டு எழுந்து காற்றில் தொங்கியது. தரை கூப்பிட்டது. எவ்வளவு எளிது. ஒரு சாண் இறக்கினால் போதும், தொடைக்கு ஓய்வு, எல்லாவற்றுக்கும் ஓய்வு. வேப்ப மரத்தடியில் சங்கரி கையை அவிழ்த்துக்கொண்டு ஓரடி முன்னால் வந்ததைக் கண்ணின் ஓரம் பார்த்தது. கால் தொங்கியது. பிரேக்கை விட்டார், முழுதாக விட்டார், சைக்கிள் அரையடி பாய்ந்து நிமிர்ந்தது, கால் போய் மிதியைப் பிடித்துக்கொண்டது. மறுபடி முக்கால் பிடி. மறுபடி மலை. அப்புறம், கூட்டத்துக்கும் கேட்கிற குரலில், நிதானமாகச் சொன்னார். "ஆமா தவசி. விட்டேன். நாளைக்கு அதே லிஃப்ட் முன்னால கொண்டுபோய் நிறுத்தினாலும் விடுவேன். இப்பவும் விடுறேன், நீரு முன்னால போம்வே." பிறகு தவசியின் வயிற்றிலிருந்து ஒரு குலுக்கல் கிளம்பியது. முன்னால போம் என்கிறார், இந்தப் போட்டியில். அடக்கப் பார்த்தார், அடங்கவில்லை, தோள் குலுங்கியது, ஹேண்டில்பார் குலுங்கியது, இரண்டு காலையும் பொத்தென்று தரையில் வைத்துவிட்டுச் சைக்கிள் மேலேயே கவிழ்ந்து சிரித்தார். "சண்டாளன்" என்றார், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "நல்லா இருய்யா. நான் அப்படிச் சொல்லியிருக்கப்படாது." கோமதிநாயகம் தலையை மட்டும் அசைத்தார். அசைத்தது பிசகு, சைக்கிள் ஆடியது, பிடித்துக்கொண்டார்.

"அண்ணாச்சி, நீங்க ஒருத்தர்தான் பாக்கி" என்று செல்வக்கனி மைக்கில் சொன்னார். "இனிமே கோட்டைத் தாண்டினாப் போதும். பிரேக்கை விட்டுட்டு ரெண்டு மிதி மிதிங்க, கப்பு உங்களுக்குத்தான்." கூட்டத்தில் மிதிங்க, மிதிங்க என்று குரல்கள். விசில்கள். எதிரே ஆள் இல்லை. இனி யாரையும் விட மெதுவாகப் போக வேண்டியதில்லை. அவர் பிரேக்கை விடவில்லை. ஏன் விட வேண்டும். எதிரில் ஆள் இருக்கிற வரைக்கும்தான் ஒரு காரியம் என்றால் அது என்ன காரியம். கன்று யாரைப் பார்த்துக்கொண்டு முழங்கால் உயரத்தில் நின்றது. இவ்வளவு தூரம் இந்த வேகத்தில் வந்தவர் மிச்சத்தையும் இந்த வேகத்தில்தான் போவார், கப்பை எடுத்துக்கொண்டு போய் யாருக்காவது கொடுங்கள். சங்கரி மரத்தடியிலிருந்து வந்துவிட்டாள். கோட்டுக்கு வெளியே, பாதையின் ஓரமாக, அவர் பக்கத்தில் நடந்தாள். நடந்தாள் என்றால் ஓரடி வைத்து நின்று, மறு அடிக்குக் காத்திருந்து. அவள் முகம் சிவந்திருந்தது. லிஃப்டைப் பற்றி அவர் சொன்னது அவளுக்கும் கேட்டிருக்கிறது. "போதும்ப்பா" என்றாள். "கால் நடுங்குது பாருங்க. மிதிச்சு முடிச்சிருங்க. நான் ஓசூர்னு வாயெடுக்கலை, சத்தியமா." "அது இருக்கட்டும்" என்றார். "ஏன் விட்டேன்னு கேட்டே. விட்ட பிறகு நாலு நிமிஷம் உங்கம்மாவும் நானும் அங்க என்ன செஞ்சோம்னு கேட்கவே இல்லையே." அவள் நின்றுவிட்டாள். சைக்கிள் ஓர் அங்குலம் அவளைத் தாண்டியது. ஓரடி வைத்து அவள் மறுபடி பக்கத்தில் வந்தாள். "என்ன செஞ்சீங்க?" என்றாள், குரலே எழாமல். அவர் மலையைப் பார்த்துக்கொண்டே, சட்டைப் பித்தானிலிருந்து சொல்ல ஆரம்பித்தார். கோட்டுக்கு இன்னும் பதினோரு அடி இருந்தது.